நான்காவது நிரலில் எமது கிராமங்கள்: குறுங்கால அபிவிருத்திக் கற்கைநெறிகள் எதைக் கற்பிக்கின்றன?

கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ இயங்கும் அரச சார்பற்ற நிறுவனங்களின் வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் பார்த்து வருபவர்களுக்கு ஒரு வரி நன்கு பழக்கமானது: அபிவிருத்திக் கற்கைகளில் அல்லது அதனோடு தொடர்புடைய துறையொன்றில் பட்டமோ டிப்ளோமாவோ சான்றிதழோ பெற்றிருத்தல் மேலதிக தகைமையாகக் கருதப்படும். போர் முடிந்த பின்னரான ஆண்டுகளில் வடக்கு, கிழக்கு இளையோர் பலர் இந்த ஒரு வரிக்காகவே குறுங்காலக் கற்கைநெறிகளைத் தேடிச் சென்றிருக்கிறார்கள். ஐந்து நாள் பயிற்சி, ஆறு வார இணையவழிக் கற்கை, மூன்று மாதச் சான்றிதழ் எனப் பல வடிவங்களில் அவை கிடைக்கின்றன. செயற்றிட்டச் சுழற்சி முகாமைத்துவம், கண்காணிப்பும் மதிப்பீடும், பால்நிலைச் சமத்துவம், பங்கேற்பு அணுகுமுறை, காலநிலை மாற்றம் என்று பாடங்களின் பெயர்களும் எங்கு போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த வேலைகளே இப்போது வேகமாகக் குறைந்து வருகின்றன. 2025 ஜனவரி 20இல் பதவியேற்ற அன்றே அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு இடைநிறுத்தினார். அதே ஆண்டு ஜூலை 1ஆம் திகதியோடு யு.எஸ்.எயிட் உதவி வழங்கும் அமைப்பாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது. பிரித்தானியா தனது தேசிய வருமானத்தில் 0.7 வீதத்தை உதவிக்கு ஒதுக்கிவந்த நாடு. 2021இல் அதை 0.5 ஆகக் குறைத்தது, 2027இல் 0.3 ஆக்கப்போவதாக 2025 பெப்ரவரியில் அறிவித்தது. உதவிப் பணம் வற்றுகிறது, சான்றிதழ் விளம்பரங்கள் மட்டும் முகநூலில் வந்துகொண்டே இருக்கின்றன. காசையும் காலத்தையும் செலவழிப்பதற்கு முன்னர், இந்தக் கல்வி எங்கிருந்து வந்தது, எமது கிராமங்களை எப்படிப் பார்க்கப் பழக்குகிறது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது.

'அபிவிருத்தி குன்றிய நாடுகள்' என்ற பேச்சு உலக அரசியலில் பெரிதாக அடிபடத் தொடங்கியது 1949 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ஹரி ட்ரூமன் ஆற்றிய பதவியேற்பு உரையோடுதான். 1952இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் சமூகக் கற்கைகள் நிறுவகம் தொடங்கப்பட்டது. 1966இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் அபிவிருத்திக் கற்கைகள் நிறுவகம் தொடங்கியது. காலனிகள் சுதந்திரம் பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. புதிய நாடுகளின் நடுத்தர அதிகாரிகளைச் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ அழைத்துத் திட்டமிடலும் நிர்வாகமும் கற்பித்து அனுப்புவது இத்தகைய நிறுவகங்களின் ஆரம்ப வேலைகளில் ஒன்றாக இருந்தது. குறுங்காலக் கற்கை என்பது இந்தத் துறையில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றல்ல, தொட்டிலிலேயே இருந்தது.

இந்தக் கதையில் இலங்கைக்குத் தனி இடம் உண்டு. சசெக்ஸ் நிறுவகத்தின் முதலாவது பணிப்பாளர் டட்லி சீயர்ஸ். ஒரு நாடு அபிவிருத்தி அடைகிறதா என்று அறிய வறுமைக்கு, வேலையின்மைக்கு, ஏற்றத்தாழ்வுக்கு என்ன நடக்கிறது என்ற மூன்றையும் கேட்க வேண்டும், இவை மோசமாகியிருந்தால் தலா வருமானம் இரட்டிப்பானாலும் அதை அபிவிருத்தி என்று சொல்ல முடியாது என்று 1969இல் வாதிட்டவர் அவர். சர்வதேச தொழில் அமைப்பு 1971இல் இலங்கைக்கு அனுப்பிய வேலைவாய்ப்பு ஆய்வுக்குழுவுக்கும் அவரே தலைமை தாங்கினார். ஜே.வி.பி.யின் முதலாவது கிளர்ச்சி நடந்த ஆண்டு அது. படித்த இளைஞர்கள் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் உள்ள வேலைக்கும் பொருத்தமில்லை என்பதே அந்த அறிக்கையின் மையக் கருத்து. 1972இன் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தது இந்தச் சிந்தனைக் காலத்தில்தான். 1977இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது.

அதே ஆண்டுகளில் தமிழ் மாணவர்களின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது வேறொன்று. 1971இல் மொழி அடிப்படையிலான தரப்படுத்தல், 1974இல் மாவட்ட ஒதுக்கீடு. கல்விக்கும் வேலைக்கும் இடையிலான பொருத்தமின்மை என்று வெளியிலிருந்து பார்த்தவருக்குத் தெரிந்தது, யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவனுக்கு முகத்தில் அறையப்பட்ட கதவாக இருந்தது. இரண்டும் பொய்யல்ல. ஆனால் ஒன்றைப் பொருளாதாரச் சொற்களில் எழுதலாம். மற்றதை எழுத, அரசு யாருடையது என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும். அபிவிருத்திக் கல்வி முதலாவதில் கைதேர்ந்தது. இரண்டாவது வரும்போது அதன் குரல் தாழ்ந்துவிடும். இந்தப் பழக்கம் இன்றுவரை மாறவில்லை.

சீயர்ஸோடு அந்தக் குழுவில் வந்தவர்களில் ஒருவர் சமூகவியலாளர் ரொனால்ட் டோர். பின்னர் 1976இல் 'டிப்ளோமா நோய்' என்ற தலைப்பில் அவர் எழுதிய நூலில் இங்கிலாந்து, யப்பான், கென்யாவுடன் இலங்கையும் ஓர் உதாரணம். அபிவிருத்தி ஓட்டத்தில் பிந்தித் தொடங்கும் நாடுகளில் வேலைக்கு ஆளெடுக்கச் சான்றிதழே அளவுகோலாகிவிடும். எல்லோரும் அதைப் பெற்றுவிட, முன்னர் எட்டாம் வகுப்புக் கேட்ட வேலைக்கு உயர்தரமும் பின்னர் பட்டமும் கேட்பார்கள். படிப்பு அறிவுக்காக இல்லாமல் பரீட்சைக்காக என்றாகும். இதுதான் அவரது வாதத்தின் சாரம். அபிவிருத்திக் கற்கைத் துறைக்குள் இருந்துகொண்டே, எமது நாட்டைப் பார்த்து எழுதப்பட்டது இது. அதே துறை இன்று உலகெங்கும் சான்றிதழ் விற்றுக்கொண்டிருப்பதை டோர் எப்படி எடுத்திருப்பாரோ!

இந்தக் கற்கைநெறிகளில் தவறாமல் வரும் ஒரு பயிற்சி 'லொக் பிரேம்' என்ற தர்க்கச் சட்டகம். 1969இல் யு.எஸ்.எயிட்டுக்காக உருவாக்கப்பட்டுப் பின்னர் உலகம் முழுவதும் பரவிய அட்டவணை இது. வன்னியில் ஒரு நிறுவனத்தில் ஒரு மாதம் வேலை செய்தவருக்கும் இது தெரிந்திருக்கும். நான்கு நிரல்கள். முதலாவதில் செயற்றிட்டம் எதை அடையப்போகிறது. இரண்டாவதில் அதை அளக்கும் குறிகாட்டிகள். மூன்றாவதில் அவற்றுக்கான சான்றுகள். நான்காவது நிரலின் தலைப்பு 'அனுமானங்கள்'. செயற்றிட்டத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத, ஆனால் அது வெற்றிபெறச் சரியாக இருந்தாக வேண்டிய விடயங்கள் எல்லாம் அங்கேதான் போகும். மழை பொய்க்காது, சந்தை விலை விழாது, பாதுகாப்பு நிலைமை சீராக இருக்கும், அதிகாரிகள் அனுமதி தருவார்கள், காணி கிடைக்கும் என்று அது நீளும்.

போரால் பாதிக்கப்பட்ட ஒரு கிராமத்தை இந்த அட்டவணைக்குள் வைத்துப் பாருங்கள். ஆடு வளர்ப்பு, தையல் இயந்திரம், மீன்பிடி வலை, கழிப்பறை எல்லாம் முதல் மூன்று நிரல்களில் அழகாகப் பொருந்தும். இராணுவம் வைத்திருக்கும் காணி, கடலுக்குப் போகும் பாதையை மறிக்கும் முகாம், காணாமல் ஆக்கப்பட்ட கணவன், சிறையில் இருக்கும் மகன் எல்லாம் நான்காவது நிரலுக்குப் போய்விடும். ஒரு குடும்பத்தின் வாழ்க்கையைத் தீர்மானிப்பவை அவைதான். அட்டவணையிலோ அவை எவரும் செய்யப்போகும் வேலை அல்ல.

கேப்பாப்புலவு இதற்குக் கண்முன்னே உள்ள உதாரணம். 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேற்றப்பட்ட கேப்பாப்புலவு மக்கள் சொந்தக் காணிக்கு அனுப்பப்படவில்லை. சீனியாமோட்டையிலும் பின்னர் 'மாதிரிக் கிராமத்திலும்' குடியமர்த்தப்பட்டார்கள். வீடு கிடைத்ததா? கிடைத்தது. தண்ணீர், வீதி? அவையும் ஓரளவு வந்தன. பயனாளிகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் மீள்குடியேற்றம் நடந்துவிட்டது. 2017இல் அந்த மக்கள் இராணுவ முகாம் வாசலில் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தது, அந்த எண்ணிக்கைக்குள் அடங்காத காணிக்காக.

அபிவிருத்தித் திட்டங்கள் அரசியல் கேள்விகளைத் தொழில்நுட்பக் கேள்விகளாக மாற்றிவிடுகின்றன என்பதை மானிடவியலாளர் ஜேம்ஸ் பேர்கசன் ஆபிரிக்காவின் லெசோதோவை வைத்து 1990இலேயே எழுதினார். இன்று பல பல்கலைக்கழகங்களின் முதுமாணிப் படிப்பில் அந்த நூல் கட்டாய வாசிப்பு. ஐந்து நாள் பயிற்சியில் மட்டும் அதற்கு நேரமிருப்பதில்லை. ஒரு வருடம் படிக்க வசதி உள்ளவருக்கு அபிவிருத்தி பற்றிய விமர்சனமும், ஐந்து நாள் மட்டும் படிக்கக்கூடியவருக்கு அட்டவணை நிரப்பும் முறையும் கிடைக்கின்றன. எந்தக் கிராமத்தில் அட்டவணை நிரப்பப்படுகிறதோ அங்கேதான் விமர்சனமும் அதிகம் தேவைப்படுகிறது.

வடக்கில் இது கல்வி சார்ந்த பலவீனமாக மட்டும் இருக்கவில்லை, அரசின் கட்டளையாகவும் இருந்தது. 2009 மே மாதம் அமைக்கப்பட்ட வட மாகாணத்துக்கான ஜனாதிபதி செயலணியின் பெயரிலேயே மீள்குடியேற்றம், அபிவிருத்தி, பாதுகாப்பு மூன்றும் ஒன்றாக இருந்தன. தலைவர் பசில் ராஜபக்ச. அதன் அனுமதியின்றி நிறுவனங்கள் வடக்கில் வேலை செய்ய முடியவில்லை. கட்டடத்துக்கும் வாழ்வாதாரத்துக்கும் அனுமதி கிடைத்தது. உளவளத்துணைக்கும் மனித உரிமைப் பணிக்கும் அனுமதி பெறுவது மிகக் கடினமாக இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குக் கோழிக்குஞ்சு கொடுக்கலாம், அவர் அழுவதைக் கேட்க ஒருவரை அனுப்ப முடியாது. அந்தச் சூழலில் வேலை செய்த எமது பிள்ளைகள் பலர் கோழிக்குஞ்சு விநியோகப் படிவத்தோடு போய்த் தாயின் கதையையும் கேட்டுவிட்டு வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது எந்த அறிக்கையிலும் இல்லை.

அதற்கு முன்னர் நடந்ததையும் மறக்க முடியாது. 2008 செப்ரெம்பரில் கிளிநொச்சியை விட்டு வெளியேற வேண்டாம் என்று மக்கள் ஐ.நா. அலுவலக வாசலில் நின்று மன்றாடினார்கள். ஐ.நா. வெளியேறியது. 2012 நவம்பரில் வெளியான சார்ள்ஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக மீளாய்வு அறிக்கை, கொழும்பிலிருந்த ஐ.நா. மூத்த அதிகாரிகள் பலர் பொதுமக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பதைத் தமது பொறுப்பாகவே கருதவில்லை என்று பதிவு செய்தது. அனுபவமும் தகைமையும் மிக்கவர்கள் அவர்கள். மக்களின் உயிரே நான்காவது நிரலுக்குப் போன காலம் அது.

அபிவிருத்திக் கல்வியில் எமக்குப் பயன்படும் எதுவும் இல்லை என்று சொல்ல வரவில்லை. ரொபேட் சேம்பர்ஸ் என்பவரை எடுத்துக்கொள்வோம். அவரும் சசெக்ஸ்காரர்தான். வெளியிலிருந்து வரும் நிபுணர்கள் கிராம வறுமையை ஏன் காணத் தவறுகிறார்கள் என்று 1983இல் வெளியான நூலில் விளக்கினார். அவர்கள் தார் வீதியோரம் மட்டுமே போகிறார்கள். வரட்சிக் காலத்தில்தான் வருகிறார்கள். ஏற்கெனவே திட்டம் நடக்கும் இடத்தையே பார்க்கிறார்கள். தலைவர்களோடும் ஆண்களோடும் பேசுகிறார்கள். சங்கடமான கேள்வியை மரியாதை கருதித் தவிர்க்கிறார்கள். தம் துறைக்கு உட்பட்டதை மட்டுமே காண்கிறார்கள்.

வன்னியில் வாழ்பவருக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? வாகனங்கள் ஏ-9 வீதியால் வரும். கிளிநொச்சி நகரின் புதுக் கட்டடங்களைப் பார்க்கும். மிஞ்சினால் பரந்தனில் திரும்பி ஏ-35 வீதியால் புதுக்குடியிருப்பு வரை போகும். மாரியில் தண்ணீர் நிற்கும் உள்வீதிகளுக்கு அவை வருவதில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் பேசுவார், பின்வரிசையில் மாதர் சங்கத்துப் பெண்கள் தேநீர் கொடுத்துவிட்டு நிற்பார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும். சேம்பர்ஸ் எழுதியதை ஆங்கிலத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கியவர் அவர்களிடம் கேள்வி கேட்பவராகவும், அந்த அறிவை வாழ்ந்து பெற்றவர்கள் பயனாளிப் பட்டியலில் ஓர் இலக்கமாகவும் இருப்பதே இதில் உள்ள அநீதி.

நுண்கடன் விவகாரத்தில் இதன் விலை தெரிந்தது. முகமது யூனுசுக்கும் கிராமீன் வங்கிக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்த பிறகு நுண்கடன் என்பது பெண்களை வலுவூட்டும் வெற்றிக் கதையாகவே பயிற்சிகளில் சொல்லப்பட்டது. குறிகாட்டி மீளச்செலுத்தும் வீதம். போருக்குப் பின் வடக்கு, கிழக்கில் நிதி நிறுவனங்கள் வாசல் வாசலாக ஏறின. மீளச்செலுத்தும் வீதம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு நிறுவனத்தின் கடனை அடைக்க இன்னொன்றிடம் கடன் வாங்கப்பட்டதால். நகை போனது, நிம்மதி போனது, சில குடும்பங்களில் உயிரும் போனது. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. ஏழு மணிக்கு வசூலிக்க வருபவனுக்குப் பயந்து பக்கத்து வீட்டில் ஒளிந்திருந்த பெண்களுக்கு இது ஆண்டுகளுக்கு முன்னரே தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததைக் குறிகாட்டியாக எழுத இடம் இருக்கவில்லை.

இனி, கற்கைநெறியொன்றில் சேர யோசிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில நடைமுறை விடயங்கள். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் படிப்பின் அளவு 'திறமைச் சித்தி அலகு' என்ற கணக்கில் பார்க்கப்படுகிறது. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலக் கற்றலே ஓர் அலகு. காலை முதல் மாலை வரை ஐந்து நாள் இருந்தாலும் 40 மணித்தியாலம்தான், ஓர் அலகுகூட வராது. ஆகவே சான்றிதழில் 'பங்குபற்றினார்' என்று இருக்கிறதா, மதிப்பிடப்பட்டு அலகு வழங்கப்படுகிறதா என்று முதலில் கேளுங்கள். பெரிய பல்கலைக்கழகத்தின் சின்னம் இருப்பதால் மட்டும் அது பட்டமாகிவிடாது. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தின் 'ஓபன்லேர்ன்' தளத்தில் இத்தகைய பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. தெரிந்துகொள்வதுதான் நோக்கமென்றால் அதுவே போதும். வேலைதான் நோக்கமென்றால், உதவிப் பணம் சுருங்கும் இந்த நேரத்தில் கடன்பட்டோ நகை அடகு வைத்தோ வெளிநாட்டுக் குறுங்காலக் கற்கைக்குப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கியலோ நில அளவையோ மொழிபெயர்ப்போ தெரிந்தவருக்கு நிறுவனங்கள் போன பின்னும் ஊரில் வேலை இருக்கும்.

இதைவிடப் பெரிய பொறுப்பு எமது பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை மொழிபெயர்த்துக் கற்பிக்கும் தேவை இல்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு வார இறுதியில், தமிழில், கிராமத்துக்கே போய் நடத்தும் குறுங்காலக் கற்கையே வேண்டும். உயர்தரச் சித்தி கேட்கக் கூடாது. கற்பிக்க வேண்டியவை தெளிவானவை. செயற்றிட்ட ஆவணத்தையும் வரவு செலவையும் வாசிப்பது. கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன் வட்டியைத் தானே கணக்கிடுவது. காணி அனுமதிப்பத்திரம், உறுதி, அளிப்பு இவற்றுக்கிடையிலான வேறுபாடு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான காணிகளில் பின்னுரித்து விடயத்தில் ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னுரிமை 2022இன் திருத்தத்தோடுதான் நீங்கியது. குடும்பத்தைத் தனியே சுமக்கும் எத்தனை பெண்களுக்கு இது தெரியும்?

அந்தப் பாடத்திட்டத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குத் தனி இடம் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதேச செயலகத்திடம் தகவல் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியும். அரசாங்கத்தாலோ வெளிநாட்டு அரசுகளாலோ சர்வதேச அமைப்புகளாலோ கணிசமான நிதியைப் பெற்று மக்களுக்குச் சேவை வழங்கும் அரச சார்பற்ற நிறுவனங்களும் அந்தச் சேவை தொடர்பில் இச்சட்டத்துக்கு உட்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் கிராமத்துக் குடிநீர்த் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, பயனாளிகள் எந்த அடிப்படையில் தெரிவாகினர், முடிவில் எழுதப்பட்ட மதிப்பீட்டு அறிக்கை எங்கே என்று கேட்கலாம். கோரிக்கையைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா மறுப்பதா என்று முடிவெடுத்து அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், அதற்குப் பின்னர் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். அந்த அறிக்கை கைக்கு வந்ததும் கடைசிப் பக்க இணைப்புகளில் தர்க்கச் சட்டகத்தைத் தேடுங்கள். நான்காவது நிரலில் உங்கள் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.